பாத நரம்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடப்பது: மும்பைவாசிகளுக்கான கேள்வி பதில்

பாதத்தில் நரம்புக்கு அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டவர்கள். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே தடித்துப்போன நரம்புக்குச் செய்வது மார்ட்டன் நியூரோமா அறுவை. உள் கணுக்காலுக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கும் நரம்பை விடுவிப்பது டார்சல் டனல் ரிலீஸ். கீழே உள்ள பதில்கள் இவ்விரண்டையும் மனதில் வைத்து எழுதியவை. உங்கள் அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் இதில் உள்ள எதனோடாவது முரண்பட்டால், அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. நடப்பதற்கு எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்கள் போதும். முதலாவது, கீறல் எங்கே என்பது. புறங்காலிலா, உள்ளங்காலிலா, உள் கணுக்காலிலா? எப்போது காலை ஊன்றலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, நரம்பை வெட்டி எடுத்தார்களா, அழுத்தத்தை மட்டும் நீக்கினார்களா என்பது. ‘நியூரெக்டமி’ என்றிருந்தால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்; அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே உணர்வு இனி வராது. ‘டிகம்ப்ரெஷன்’ அல்லது ‘ரிலீஸ்’ என்றிருந்தால் நரம்பு அங்கேயே இருக்கிறது, தேறி வரலாம். மூன்றாவது, எடை போடுவது பற்றிய சுருக்கெழுத்து. என்.டபிள்யூ.பி. என்றால் கால் தரையில் படவே கூடாது. பி.டபிள்யூ.பி. என்றால் ஓரளவு எடை போடலாம். டபிள்யூ.பி.ஏ.டி. என்றால் தாங்கும் அளவுக்குப் போடலாம். தாளில் எதுவும் இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிதல்ல.

எப்போது காலை ஊன்றலாம்?

புறங்காலில் கீறிய மார்ட்டன் அறுவை என்றால், பல மருத்துவர்கள் அன்றைக்கே அல்லது மறுநாளே குதிகாலை ஊன்றி நடக்க விடுவார்கள். அதற்கென்று தட்டையான, வளையாத அடிப்பாகம் கொண்ட செருப்பு ஒன்று தருவார்கள். கழிப்பறைக்குப் போய்வர, சாப்பிட எழுந்து வர என்ற அளவோடு முதல் வாரம் நிற்க வேண்டும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். வீக்கத்தைப் பொறுத்து 3 முதல் 6 வாரத்துக்குள் அகலமான சாதாரண ஷூவுக்கு மாறலாம்.

உள்ளங்காலில் கீறியிருந்தால் கதை வேறு. உடல் எடை முழுவதும் தையல் மேலேயே விழும். 2 முதல் 3 வாரம், தையல் பிரிக்கும் வரை, முன்பாதத்தில் எடையே போடக் கூடாது. அவசரப்பட்டு ஊன்றினால் தையல் விட்டுப்போகும். ஆறினாலும் தழும்பு கெட்டியாகி, கூழாங்கல்லை மிதிப்பது போல ஒவ்வொரு அடியிலும் உறுத்தும். அந்த உறுத்தலைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம்.

டார்சல் டனல் அறுவைக்கு, கணுக்காலை அசையாமல் வைக்க மாவுக்கட்டுப் பட்டையோ பூட்ஸோ போட்டு, சுமார் 2 வாரம் எடையே போட வேண்டாம் என்பார்கள். கணுக்காலில் ஒவ்வொரு அசைவுக்கும் தோல் இழுபடும் என்பதால் தையல் பிரிக்க 3 வாரம் வரைகூட ஆகலாம். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக எடை. முழு எடையில் தடுமாறாமல் நடக்கப் பலருக்கு 6 வாரம் பிடிக்கும்.

‘ஓரளவு எடை’ என்பது எவ்வளவு என்று குழம்பாதீர்கள். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பழைய செய்தித்தாள் கட்டை அடுத்த காலுக்கு வையுங்கள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன 15 அல்லது 20 கிலோ காட்டும் வரை அறுவை செய்த காலை அழுத்துங்கள். நாலைந்து தடவை செய்தால் அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடும்.

அறுவை முடிந்து மாலையே நன்றாக இருக்கிறது, வலியே இல்லை. மாத்திரை தேவையா?

தேவை. கணுக்காலிலோ முதுகிலோ போட்ட மரப்பு ஊசிதான் இப்போது வலியை மறைக்கிறது. காலில் போட்ட ஊசி 12 முதல் 24 மணி நேரம் வரை நிற்கலாம். முதுகில் போட்டது அதற்கு முன்பே, சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். காலில் போட்டது பெரும்பாலும் நள்ளிரவில்தான் தெளியும், ஒரேயடியாக. விரலில் மதமதப்பு குறைந்து எறும்பு ஊர்வது போலத் தொடங்கும்போதே எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுவிடுங்கள். மரப்பு இருக்கும்வரை அந்தக் காலை நம்பி எழுந்து நிற்காதீர்கள். முதல் நாள் விழுபவர்களில் பலர் இதனால்தான் விழுகிறார்கள்.

காலைத் தூக்கி வை என்கிறார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்?

இதயத்தைவிட உயரம். நாற்காலியில் உட்கார்ந்து காலை எதிரே ஸ்டூலில் வைப்பது போதாது. கால் இடுப்பு மட்டத்தில்தான் இருக்கிறது, வீக்கம் வடியாது. படுத்துக்கொண்டு, சுருட்டிய மெத்தை அல்லது 2, 3 தலையணைமேல் கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி வையுங்கள். குதிகால் தலையணையைத் தாண்டி வெளியே இருக்கட்டும். ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் குதிகாலில் புண் வரும். முதல் 3 நாள், விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் 50 நிமிடம் இப்படி. மீதிப் பத்து நிமிடத்தில் மற்றவை.

ஐஸ் வைப்பவர்கள் கட்டின்மேல் வைத்துப் பயனில்லை, குளிர் உள்ளே போகாது, கட்டுதான் நனையும். துண்டில் சுற்றி முழங்காலின் பின்பள்ளத்தில் 15 நிமிடம் வையுங்கள். கால் மரத்திருக்கும்போது பாதத்தில் ஐஸ் வேண்டவே வேண்டாம். தோல் கருகுவது தெரியாது.

கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மடக்கி நீட்டுவதும், அசைக்க அனுமதி இருந்தால் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதும் மணிக்கு 10 தடவை. கெண்டைக்கால் தசைதான் கால் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது சும்மா கிடந்தால் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஊன்றுகோலோடு எப்படி ஏறுவது?

மனப்பாடம் செய்ய ஒரு வரி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். ஏறும்போது நல்ல காலை மேல்படியில் வைத்து உடலைத் தூக்கியபின் ஊன்றுகோலும் நோவுக் காலும் வரும். இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுக் காலும் முதலில் கீழ்ப்படிக்குப் போகும், நல்ல கால் பின்தொடரும். கைப்பிடி இருந்தால் ஒரு கை கைப்பிடியில், இரண்டு ஊன்றுகோலும் மறு கையில். உடன் வருபவர் ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால், அதாவது எப்போதும் கீழ்ப்படியில் நிற்க வேண்டும்.

அக்குள் ஊன்றுகோலின் மேல் முனைக்கும் அக்குளுக்கும் நடுவே 2, 3 விரல் இடைவெளி வேண்டும். எடை உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளில் தொங்கியபடி நடந்தால் கை நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொய்ந்துபோகும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக, 20 முதல் 30 டிகிரி, மடங்கியிருந்தால் உயரம் சரி.

தைரியம் வரவில்லையென்றால் படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறுங்கள்; இறங்கும்போதும் அப்படியே உட்கார்ந்தபடி, முன்னோக்கி இறங்குங்கள். பார்க்க எப்படியிருந்தாலும் மிகப் பாதுகாப்பான முறை அது. ஊன்றுகோலின் ரப்பர் குமிழில் வரிகள் தேய்ந்துவிட்டனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். மழையில் நனைந்த மொசைக் படியில் தேய்ந்த குமிழ் சோப்பு மாதிரி வழுக்கும். ஒரே ஒரு கைத்தடிக்கு மாறும்போது அதை நோவுக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பலர் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள். எடை குறையாது, இடுப்புதான் சாயும்.

குளியல், கழிப்பறை?

குளிக்க இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். ஒன்றில் நீங்கள், மற்றதில் கட்டுப் போட்ட கால். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டினால் வழியும் நீரைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பை மட்டும் என்றால் விளிம்பு வழியாக நீர் இறங்கிவிடும். தையல் பிரித்த மறுநாளும் காலை நீரில் ஊற வைக்காதீர்கள். தழும்பு முழுவதும் மூடி, பொருக்கு உதிரும் வரை காத்திருங்கள்.

இந்தியக் கழிப்பறையில் குந்துவது முதல் 6 வாரம் வேண்டாம். குந்தும்போது கணுக்கால் முழுவதுமாக மடங்கி, உள் கணுக்கால் நரம்பு இழுபடும். விரல்கள் பின்னோக்கி வளைந்து முன்பாதத் தழும்பும் இழுபடும். சால் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளில், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று போக வேண்டியவர்களுக்கு இது பெரிய சிரமம். அறுவைக்கு முன்பே கமோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கோ ஏற்பாடு செய்துவிடுங்கள். 45 செ.மீ. உயரமும் இரு பக்கக் கைப்பிடியும் உள்ளதாக இருக்கட்டும். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் இந்த 6 வாரத்துக்கு வேண்டாம்.

மழைக்காலத்தில் அறுவை செய்துகொள்ளலாமா?

தள்ளிப்போட முடிகிற அறுவை என்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். கட்டு ஈரமாகும், ஷூ காயாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தேங்கிய தண்ணீர். சயான், மாட்டுங்கா, குர்லா பக்கம் முழங்கால் அளவு நிற்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி ஆறாத காயத்தின் வழியாக எளிதில் உள்ளே போகும். தவிர்க்க முடியாமல் காயத்தோடு அந்த நீரில் இறங்கிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கட்டை மாற்றி, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சொல்லித் தடுப்பு மருந்து கேளுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மெட்டியைக் கழற்ற மனமில்லை. அவசியமா?

அவசியம். மெட்டி போட்டிருக்கும் இரண்டாம் விரல் அறுவை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து விரல். வீங்கினால் வெள்ளி வளையம் சதைக்குள் புதைந்து ரத்த ஓட்டத்தை நிறுத்தும்; பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே, சோப்பு நுரை தடவி, இரண்டு காலிலும் கழற்றிவிடுங்கள். டார்சல் டனல் என்றால் கொலுசும் அப்படியே. சங்கிலி உராயும் இடத்துக்கு அருகில்தான் தழும்பு வரும். வீக்கம் முழுக்க வடிந்தபின், 3 மாதம் கழித்து, சற்றுத் தளர்வான மெட்டியாகப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களிடம் மருத்துவரே சொல்லிவிட்டால் பேச்சு வளராது.

அறுவைக்குப் பின் ‘சுரீர்’ என்று ஷாக் அடிக்கிறது. ஏதாவது தவறாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நரம்பு விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும். நசுங்கிப்போன நரம்பின் இழைகள் புதிதாக வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கணுக்காலிலிருந்து கட்டைவிரல் நுனி வரை சுமார் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 200 நாள், ஆறரை மாதத்துக்கும் மேல். அழுத்தம் மட்டும் இருந்து இழைகள் சேதமாகாமல் இருந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே எரிச்சல் அடங்குவதும் உண்டு. வருடக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்புக்கு ஒரு வருடம்கூடப் போதாமல் போகலாம்.

தேறுகிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. காயம் ஆறியபின், நரம்பு போகும் பாதையில் விரல் நுனியால் லேசாகத் தட்டினால் ஓரிடத்தில் ஷாக் போலத் தெறிக்கும். அந்த இடம் மாதம் செல்லச் செல்ல விரல் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தட்டிப் பார்த்துக்கொண்டால் போதும். தினம் தட்டிக்கொண்டே இருந்தால் நரம்பு எரிச்சல்படும்.

நரம்பை வெட்டி எடுத்தவர்களுக்கு விரலிடுக்கு மரத்தே இருக்கும். சாக்ஸ் சுருண்டு மாட்டிக்கொண்டது போலவோ, பஞ்சை மிதிப்பது போலவோ தோன்றும். சில மாதத்தில் மனம் அதைக் கவனிப்பதை விட்டுவிடும்.

தழும்பில் போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை.

அதற்குத் தொடாமல் பாதுகாப்பது மருந்தல்ல, தொட்டுப் பழக்குவதுதான் மருந்து. காயம் முழுவதும் மூடியபின், சுமார் 3, 4 வாரத்தில், மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் பஞ்சு, அடுத்து பட்டுத்துணி, பிறகு பழைய வேட்டித் துணி, பிறகு துண்டின் சொரசொரப்பு, கடைசியில் ஒரு பேசினில் அரிசி நிரப்பி அதற்குள் பாதத்தைப் புதைத்து அசைப்பது. ஒவ்வொன்றும் 5 நிமிடம், நாளுக்கு 3, 4 தடவை. ஒரு துணி உறுத்தாமல் ஆனதும் அடுத்ததற்குப் போங்கள். தழும்பு கெட்டியாக இருந்தால் 2 சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலால் சிறு வட்டமாக, தோலைத் தேய்க்காமல் தோலோடு சேர்த்து அடியிலுள்ள சதையும் நகரும்படி அழுத்துங்கள். தோல் அடியிலே ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் இது. எண்ணெயோடு தரையில் கால் வைக்காதீர்கள், வழுக்கும்.

தொடு உணர்ச்சி நாளுக்கு நாள் கூடி, பாதம் முழுவதும் எரிந்து, நிறம் மாறி, ஒரு கால் மட்டும் வியர்த்தோ சில்லிட்டோ இருந்தால் அது வேறு நோய். சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். தழும்புக்கு அப்பாலும் இப்படிப் பரவுகிறது என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். சீக்கிரம் பிடித்தால்தான் எளிதாகக் கட்டுப்படும்.

தினம் எவ்வளவு நடக்கலாம்? வலித்தால் நிறுத்த வேண்டுமா?

நடக்கும்போது வரும் வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள், மறுநாள் காலையை வைத்து முடிவெடுங்கள். நரம்பும் வீக்கமும் தாமதமாகத்தான் பேசும். இன்று மாலை சுகமாக நடந்த அரைமணிக்கான கணக்கு நாளை காலைதான் வரும். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். நேற்றுக் காலையைவிட வலியோ வீக்கமோ மரப்போ கூடவில்லையென்றால் நேற்றைய அளவு சரி. கூடியிருந்தால் இன்று பாதியாகக் குறையுங்கள். முழு ஓய்வு வேண்டாம், பாதி.

தையல் பிரித்து, எடை போடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டுக்குள் 5 நிமிடமாக நாளுக்கு 3 தடவை தொடங்கலாம். காலைப் பரிசோதனையில் தேறினால் 2, 3 நாளுக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டுங்கள். 6 வாரத்தில் ஒரே மூச்சில் 15, 20 நிமிடம், 12 வாரத்தில் 30 நிமிடம் என்பது புறங்கால் கீறல்காரர்களுக்கு எட்டக்கூடிய இலக்கு. டார்சல் டனல்காரர்கள் இதோடு ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எங்கே நடக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். மும்பை நடைபாதைகளின் பேவர் பிளாக் கற்கள் ஒன்று எழும்பி ஒன்று அமிழ்ந்து கிடக்கும். மரத்த பாதம் அந்த மேடுபள்ளத்தை உணராது. தொடக்கத்தில் கட்டடத்தின் நடைக்கூடம், அடுத்து மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் மாதிரியான பூங்கா, அப்புறம் மெரின் டிரைவின் அகலமான சமதளம். ஜூஹூ மணலில் நடந்தால் காலுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். 3 மாதத்துக்குள் வேண்டாம். மணல் அமுங்கும்போது விரல்கள் தோண்டிப் பிடிக்கும், ஆறுகிற இடத்துக்கு அது அதிக வேலை.

நடையில் வரும் பிழைகளில் பெரியது, வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி விளிம்பில் நடப்பது. இரண்டு வாரம் அப்படி நடந்தாலே வெளிக் கணுக்காலும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். நரம்பு ஆறியபின்னும் அந்தக் கோணல் போகாது. கண்ணாடிக்கு எதிரே நடந்து பாருங்கள். குதிகால் முதலில் பட்டு, எடை முன்னே உருண்டு, கட்டைவிரல் கடைசியாகத் தள்ளிவிட வேண்டும். சிறிய அடியாக வைத்தால் இது வரும், நீண்ட அடியில் வராது. மற்றொரு காரணம் செருப்பின் உயரம். அறுவைச் செருப்பு தடிமனாக இருக்கும். மறு காலில் வெறுங்காலோ மெல்லிய ரப்பர் செருப்போ இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு பிடிக்கும். மறு காலுக்கும் ஏறக்குறைய அதே தடிமனில் ஒன்றைப் போடுங்கள்.

4ஆம் வாரத்திலிருந்து தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுப்பது, 10 தடவை. 6ஆம் வாரத்திலிருந்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 20 விநாடி. 8ஆம் வாரத்துக்கு முன் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும் பயிற்சி வேண்டாம்.

எந்த மாதிரி ஷூ வாங்குவது?

ஒரு வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷூவின் அடிப்பாகம் அந்தத் தாளை முழுக்க மறைக்க வேண்டும். தாள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு தெரிந்தாலும் அந்த ஷூ விரல்களை நசுக்கும். விலை எதுவானாலும் திரும்ப வைத்துவிடுங்கள். மாலையில் போங்கள், காலையைவிடப் பாதம் அப்போது பெரிதாக இருக்கும். நீளமான விரலுக்கு முன் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். குதிகால் உயரம் 3 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இரு முனையையும் பிடித்து வளைத்தால் விரல் பக்கம் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் பயனில்லை.

முன்பாதத்துக்கு மெட்டாடார்சல் பேட் என்று ஒரு சிறு மெத்தை சொல்வார்கள். பத்துப் பேரில் பலர் அதைத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டு ‘வலி கூடிவிட்டது’ என்கிறார்கள். வலிக்கும் மேட்டுக்கு நேர் அடியில் அல்ல, அதற்குப் பின்னால் வைக்க வேண்டும். இடம் கண்டுபிடிக்க, வலிக்கும் எலும்பு மேட்டில் குங்குமத்தைக் குழைத்துத் தொட்டு, ஷூவுக்குள் வெறுங்காலால் ஒரு அடி மிதியுங்கள். உள்ளே ஒட்டிய சிவப்புப் புள்ளிக்கு 5 முதல் 10 மி.மீ. குதிகால் பக்கமாக மெத்தையின் முன் விளிம்பு வர வேண்டும். அது எலும்புகளைத் தூக்கி விரித்து நரம்புக்கு இடம் கொடுக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகுங்கள். தாராவியின் தோல் கைவினைஞர்களில் அளவு சொன்னால் இதைத் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். வீட்டுக்கென்றே தனியாக, தெருவில் இறங்காத மெத்தென்ற செருப்பு ஒன்றை 3 மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லோக்கல் ரயிலில் எப்போது ஏறலாம்? வண்டி ஓட்டலாமா?

ஊன்றுகோல் இல்லாமல் படியேறி, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடியும்வரை லோக்கல் வேண்டாம். நடைமேடைக்கும் பெட்டிப்படிக்கும் உள்ள இடைவெளியும், இறங்கும்போது பின்னாலிருந்து வரும் தள்ளலும், உங்கள் பாதத்தை மிதிக்கும் ஷூக்களும் நடைப்பயிற்சியில் சேர்த்தி இல்லை. முதல் வாரங்களில் 11 முதல் 4 மணிக்குள், கூட்டம் குறைந்த ஸ்லோ வண்டியில் போங்கள். லிஃப்ட் உள்ள வழிகளில் மெட்ரோ சுகம்.

ஆட்டோவில் சீட்டின் குறுக்கே காலை நீட்டி உட்காரலாம். பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது என்பதால் பரேலில் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே டாக்சி பேசிவிடுங்கள்.

கார் ஓட்டுவதற்கு, நின்ற வண்டியில் பிரேக்கைத் திடீரென்று முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். முகம் சுளிக்காமல் பத்து தடவை மிதிக்க முடிந்தால்தான் தெருவுக்கு. வலது கால் என்றால் பலருக்கு 4 முதல் 6 வாரம். பிரேக்கை உணர முடியாத அளவு மரத்திருந்தால் வலி இல்லாவிட்டாலும் கூடாது. ஸ்கூட்டரில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டியிருக்கும் என்பதால் இடது கால் அறுவைக்கும் இதே கணக்கு.

நின்றுகொண்டே செய்யும் வேலை. எப்போது திரும்பலாம்?

மேசை வேலை என்றால், காலைத் தூக்கி வைக்க இடம் இருந்தால் 2 வாரம். அதிகாலை 4 மணிக்கே எழுந்து இட்லிப் பாத்திரம் தூக்குகிறவர்கள், காவலாளிகள், செவிலியர்கள், விற்பனைக் கடையில் நிற்பவர்கள் 8 முதல் 12 வாரம் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நிற்பது நடப்பதைவிடக் கெடுதல். தசை அசையாததால் ரத்தம் பாதத்தில் தேங்கும். திரும்பிய முதல் 2 வாரம் அரை நாள் கேளுங்கள். 15 செ.மீ. உயரப் பலகை ஒன்றைக் காலடியில் போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலாக அதில் ஏற்றி வைத்தால் பாரம் மாறிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரை நோய் இருக்கிறது. வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. காயம் ஆற நாளாகும், கிருமி எளிதில் தொற்றும், நரம்பு வளரும் வேகம் குறையும். தையல் பிரிப்பதைச் சில நாள் தள்ளுவார்கள், வற்புறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைந்திருக்கலாம். பி12 குறைவே பாதத்தில் எரிச்சலும் மரப்பும் தரும். அறுவை பலன் தரவில்லை என்று தோன்றுவதற்கு அது காரணமாகிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். புகை, குட்கா, தம்பாக்கு மூன்றையும் குறைந்தது காயம் ஆறும்வரை நிறுத்துங்கள். நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. பாதத்தில் இருப்பதெல்லாம் சிறு குழாய்கள்.

உணர்வு திரும்பவே இல்லை. வலியும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

வலி இல்லாத பாதத்துக்குத்தான் காவல் அதிகம் வேண்டும். இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வு இல்லாததால் தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்பது அவர் கண்டது. உங்கள் பாதத்துக்கும் அதே விதி.

தினமும் இரவு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் ஆறும்வரை அந்த இடத்தில் எடை போடாதீர்கள். ஷூவை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். மே மாத மதியத்தில் கோயில் பிரகாரத்தின் கல்தரையில் வெறுங்காலால் சுற்ற வேண்டாம். காலை வேளையில் போங்கள். எலித்தொல்லை உள்ள வீட்டில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். மரத்த விரலை எலி கடித்தால் தூக்கம் கலையாது.

காலணிக்கு எம்.சி.ஆர். என்னும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடிப்பாகம் கேளுங்கள். மேலே மெத்தென்று அமுங்கும் எம்.சி.ஆர்., கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான அடி, பின்பக்கம் வார். ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடல் மருத்துவ மறுவாழ்வு நிலையத்தில் இத்தகைய காலணிகளும் பாதத் தாங்கிகளும் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள்.

நரம்பு வலிக்கு கபாபென்டின் அல்லது ப்ரீகாபலின் கொடுத்திருக்கிறார்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடலாமா?

ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை, படபடப்பு, வியர்வை வரும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஆரம்ப நாட்களில் தலைசுற்றும், அதனால் இரவில் எழுந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்?

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி இறுகி வலித்தால் அன்றைக்கே. அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108. விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ போய், காலைத் தூக்கி வைத்தும் நிறம் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், இரவானாலும் போங்கள். காயத்தில் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே.

ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது அதே இடத்தில் பழைய வலி.

மூன்று காரணங்களைத் தேடுவார்கள். முதலில் காலணி: கல்யாணத்துக்கோ அலுவலகத்துக்கோ பழைய குறுகிய ஷூவுக்குத் திரும்பினீர்களா? அது மட்டுமே காரணம் என்றால் 2, 3 வாரத்தில் அடங்கும். இரண்டாவது, நரம்பை வெட்டிய முனையில் இழைகள் போக்கிடமின்றிச் சுருண்டு முடிச்சாவது. ஸ்டம்ப் நியூரோமா என்பார்கள். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் தெறிக்கும், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வரும். அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்து, முதலில் காலணி மாற்றமும் ஊசியும், அதற்கும் அடங்காவிட்டால்தான் மறு அறுவை. மூன்றாவது, தொடக்கத்திலிருந்தே வலி வேறிடத்திலிருந்து வந்திருப்பது: பக்கத்து விரலிடுக்கு, மூட்டு அழற்சி, அல்லது முதுகுத்தண்டில் அழுந்தும் நரம்பு. குனிந்தால், இருமினால் பாதத்தில் வலி தெறிக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். மறு அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் வேறொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். போகும்போது முதல் அறுவையின் குறிப்புத் தாளையும், எடுத்த திசுவின் பரிசோதனை முடிவையும், வலி வரும் புள்ளியைப் பேனாவால் குறித்த பாதத்தின் படத்தையும் கொண்டுபோங்கள்.